பழனி வழியாகப் போகச் சொன்னது நான்தான்

இப்போதும் டிவியில் படத்துக்குக் கீழே செய்தி வரி ஓடினால் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன். வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை. மனைவி மட்டும் ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றிவிட்டு, "மாத்திட்டேன், வாங்க" என்பாள். நடந்து முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் வயிற்றுக்குள் அந்தச் சாயங்காலம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் மகளுக்கு வைகாசியில் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை வீடு மணப்பாறை. அவருக்கு வேலை கோயம்புத்தூரில். அங்கே வாடகைக்கு வீடு கிடைக்கும் வரை மகள் மாமியார் வீட்டில் இருந்தாள், அவர் சனி ஞாயிறு வந்து போனார். பெரிய குடும்பம். கூடத்தில் எந்நேரமும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்த இரண்டு பேரும் தனியாக அரை மணி நேரம் பேசியிருப்பார்களா என்பதே எனக்குச் சந்தேகம். இதற்குள் ஆடி பிறந்துவிட்டது. நாங்கள் சீர்த்தட்டோடு மணப்பாறைக்குப் போய் மகளை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துவந்தோம். ஆடி மாதம் முழுக்கப் புதுப்பெண் தாய்வீட்டில்தான் இருக்க வேண்டும், புருஷன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது இரண்டு வீட்டிலும் பழக்கம். ஆடியில் கரு உண்டானால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்பார்கள்.

நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன். இப்படிப்பட்ட பழக்கங்களை வகுப்பில் கேலி செய்திருக்கிறேன். என் வீட்டுக்கு என்று வந்தபோது ஒரு வார்த்தை பேசாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஆடி தொடங்கிச் சில நாளில் மாப்பிள்ளைக்குக் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. ஆடி முடிந்த கையோடு புனேவுக்குப் போக வேண்டும், திரும்பி வர ஆறு மாதம் ஆகும். அன்று இரவு என் மகள் சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாள் மாப்பிள்ளை என் கல்லூரி நேரம் பார்த்து எனக்குப் போன் செய்தார்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க" என்று ஆரம்பித்தவர், கேட்கவேண்டியதைச் சொல்லி முடிப்பதற்குள் நாலைந்து முறை தொண்டையைக் கனைத்தார். கொடைக்கானல். இரண்டு ராத்திரி. ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் மாலை அவள் ஸ்ரீரங்கத்தில் இருப்பாள். அவருடைய அம்மாவுக்கும் தெரிய வேண்டாம், அத்தைக்கும், அதாவது என் மனைவிக்கும் தெரிய வேண்டாம்.

என் மனைவி விஷயத்தில் அவர் பயந்தது நியாயம்தான். ஆடி வெள்ளிக்கு அவள் வீட்டில் நகம் வெட்டக்கூட விட மாட்டாள்.

மாலையில் மொட்டை மாடியில் துணி எடுக்கும் சாக்கில் மகளும் நானும் பேசினோம். "கட்டுன புருஷனோட ஊருக்குப் போறதுக்கு இப்படி ஒளிஞ்சு மறைஞ்சு பிளான் போடுறவ உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்" என்றாள். இருவரும் சிரித்தோம். எனக்கும் உள்ளூர ஒரு குதூகலம் இருந்தது என்பதை மறைக்க முடியாது. என் மகள் ரகசியத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டது அவள் பள்ளிக்கூடம் முடித்த பிறகு அதுதான் முதல் தடவை.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இருவரும் சந்தித்து, வத்தலக்குண்டு வழியாக மலை ஏறுவது என்று மாப்பிள்ளை முடிவு செய்திருந்தார். எல்லாரும் போகிற பெரிய ரோடு அது. நான்தான் வேண்டாம் என்றேன். திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் பஸ் மணப்பாறையில் நின்றுதான் போகும். சம்பந்தி வீட்டாருக்கு அங்கே தெருவுக்குத் தெரு உறவுக்காரர்கள். கழுத்தில் புது மஞ்சள் கயிறோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெண்ணை அவர்களில் ஒருவர் பார்த்தாலும் போதும், பஸ் ஊரைத் தாண்டும் முன் சேதி வீட்டுக்குப் போய்விடும்.

"கரூர் போயி மாறி, பழனிக்குப் போயிடு. அவரு கோயம்புத்தூர்லேருந்து நேரா அங்க வந்துடட்டும். பழனியிலேருந்தே மலைக்கு ரோடு இருக்கு. தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்தாலும் முருகனைக் கும்பிட வந்தேன்னு சொல்லிக்கலாம்" என்றேன்.

"அப்பா, நீங்க ரொம்பத் தேறிட்டீங்க" என்றாள்.

அந்தப் பாராட்டில் நான் பூரித்துப்போனேன்.

மனைவியிடம் தொட்டியம் என்று சொன்னோம். கல்லூரித் தோழிக்கு அங்கே வளைகாப்பு, கூடப்பிறந்தவர்கள் இல்லாத பெண், இரண்டு நாள் கூட இருந்து உதவ வேண்டும் என்று கதை கட்டினோம். "வளைகாப்புக்கு எதுக்கு ரெண்டு ராத்திரி?" என்று மனைவி கேட்டாள். பிறகு அவளே ஒரு ரவிக்கைத் துணியும் கண்ணாடி வளையலும் எடுத்துப் பையில் வைத்தாள். தொட்டியம் பஸ்ஸும் கரூர் பஸ்ஸும் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்துதான் புறப்படும் என்பதால் அதிலும் எங்களுக்குச் சிக்கல் இல்லை. நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கரூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அன்று மாலை என் போனுக்கு மட்டும் ஒரு போட்டோ வந்தது. பனிமூட்டத்துக்கு நடுவில் கம்பளிக் குல்லாய் போட்ட இரண்டு தலைகள், நடுவே ஒரே மக்காச்சோளக் கதிர். இரண்டு பேரும் இரண்டு பக்கமிருந்து கடிக்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன், மறுபடி எடுத்துப் பார்த்தேன். மனைவி காப்பியோடு வந்தபோது கிரிக்கெட் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன்.

திரும்பி வரும் நாள் காலையில் மகள் பேசினாள். அங்கே இரவெல்லாம் மழை, பஸ்ஸில் கூட்டம் அதிகம் என்பதால் பழனி வரை இறங்க வாடகைக் கார் பேசியிருக்கிறார்கள், சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். "பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன்ப்பா. அம்மாகிட்ட பஸ்ஸு லேட்டுன்னு சொல்லி வைங்க" என்றாள்.

நாங்கள் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. ஆடிப் பதினெட்டு அன்று காலையில் புதுப்பெண்ணுக்குக் காவிரிக் கரையில் தாலிக்கயிறு மாற்றுவார்கள். அதற்காகச் சம்பந்தியம்மா மறுநாள் விடியற்காலை வருவதாகத்தான் பேச்சு. விடிந்தால் அம்மா மண்டபப் படித்துறைப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது, பஸ் எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும் என்று யாரோ சொல்லி, அவர் முதல் நாள் மதியமே ஒரு கட்டைப்பை முறுக்கோடு வந்து இறங்கிவிட்டார்.

"மருமவ எங்க?" என்பதுதான் உள்ளே வந்ததும் கேட்ட முதல் கேள்வி.

தொட்டியம், வளைகாப்பு, சாயங்காலம் வந்துவிடுவாள் என்று என் மனைவி சொன்னாள். அவள் நம்பிச் சொன்னதால் அது உண்மைபோலவே இருந்தது. சம்பந்தியம்மா தலையாட்டிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, நூலைத் திரித்து மஞ்சள் அரைத்துத் தடவி மறுநாளைக்கான கயிற்றைத் தயார் செய்ய ஆரம்பித்தார். மனைவி புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டிருந்தாள். காவிரியில் தண்ணீர் எவ்வளவு வருகிறது, படித்துறையில் இறங்க விடுவார்களா என்று தெரிந்துகொள்ளச் செய்தி போடச் சொன்னார் சம்பந்தியம்மா. போட்டேன். முக்கொம்பில் மதகு திறந்திருப்பதைக் காட்டினார்கள்.

அதற்குக் கீழேதான் அந்த வரி ஓடியது. கொடைக்கானல்-பழனி மலைச்சாலையில் பாறை சரிந்தது, காரில் வந்த புதுமணத் தம்பதி படுகாயம்.

வரி ஓடி மறைந்தது. தங்கம் விலை வந்தது. அடுத்து ஏதோ கட்சிச் செய்தி. மறுபடி அதே வரி. மூன்றாவது தடவையும் நான் படித்தேன். சம்பந்தியம்மா தண்ணீரைப் பார்த்து, "நெறையத்தான் வருது, ஆத்தா மனசு வச்சுட்டா" என்றார்.

மாடிக்குப் போய் மகளுக்குப் போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. மாப்பிள்ளையின் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்றது. மாறி மாறி அடித்தேன். அந்தப் பதிவு செய்த பெண் குரல் ஒவ்வொரு தடவையும் அதே பொறுமையோடு பேசியது. கொடியில் மகளின் சுடிதார் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்கத் திரும்பி நின்றுகொண்டேன். ராஜகோபுரம் தெரிந்தது. என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. பெருமாளே, வேறு காராக இருக்கட்டும் என்று மட்டும் வந்தது.

கீழே இறங்கினேன். சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் வாயைத் திறந்தால் அது நிஜமாகிவிடும் என்று தோன்றியது. இன்னும் பத்து நிமிஷத்தில் அவளே கூப்பிட்டுவிட்டால்? இரண்டு குடும்பமும் ஆயுசுக்கும் பேசப்போகிற ஒன்றை வீணாக நானே அவிழ்த்து விட்டதாக ஆகாதா? அப்படி யோசித்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. என் பெண் மலையில் எந்த நிலையில் கிடக்கிறாளோ தெரியவில்லை, நான் பேச்சு வருமே என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

மனைவி கதவுக்கு வெளியே வந்து, "என்னங்க, மத்தியானம் சாப்பிட்டது சேரலையா?" என்றாள்.

கதவைத் திறந்து சொல்லிவிட்டேன். கூடத்துக்கும் கேட்டது. தொட்டியம் இல்லை, கொடைக்கானல், மாப்பிள்ளையோடு, பழனி வழியாக, இன்றைக்குக் காரில். ஒவ்வொன்றாகத்தான் வந்தது. மனைவி கையில் கரண்டியோடு நின்றாள். "தொட்டியம்னு சொன்னீங்களே" என்றாள். கொஞ்சம் பொறுத்து அதையே மறுபடி சொன்னாள். "தொட்டியம்னுதானே சொன்னீங்க?"

சம்பந்தியம்மா எழுந்து டிவி முன்னால் போய் நின்றார். அந்த வரி வரும் வரை காத்திருந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் மஞ்சள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "போனைக் குடுங்கண்ணே. என் தம்பி பழனி அடிவாரத்துலதான கடை வச்சிருக்கான்" என்றார்.

அது எனக்குத் தெரியாது. மணப்பாறைச் சொந்தக்காரர்களுக்குப் பயந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் இருக்கும் ஊருக்கே அவளை அனுப்பியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டோடு மாறிப் போகிறோம், அடிவாரம் வரை போகப்போவதில்லையே என்று மாப்பிள்ளையும் விட்டிருப்பார்.

தம்பி கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நாங்கள் மூன்று பேரும் போனைத் தரையில் வைத்துவிட்டு அதைச் சுற்றி உட்கார்ந்தோம். அடுப்பில் புளிக்காய்ச்சல் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை. மனைவி அழவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

போன் அடித்ததும் சம்பந்தியம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, பையனை மதுரைக்குக் கொண்டுக்கிட்டுப் போயிட்டாங்க. நான் வர்றதுக்குள்ள போயிட்டாங்க. பொண்ணு உள்ள இருக்கு. தலை முகமெல்லாம் கட்டாம், யாரையும் பாக்க விடல. பேச்சு மூச்சு இல்ல, பேரும் தெரியலங்கறாங்க. கழுத்துல புது மஞ்சக் கயிறாம்க்கா."

மனைவியின் கை என் முழங்காலைப் பிடித்தது. நகம் இறங்கியது.

சம்பந்தியம்மா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "அந்த நர்சம்மாகிட்டக் கேளு. கயித்துல கோத்திருக்கறது எப்படி இருக்குன்னு கேளு. நம்மளுது ரெட்டைப் பொட்டுத் தாலி, நடுவுல மணி" என்றார்.

தாலி ஒவ்வொரு சாதிக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், சில சமயம் ஒவ்வொரு வகையறாவுக்குமே மாறும். மாப்பிள்ளை வீட்டார் செய்து கொண்டுவருவது. என் மகள் கழுத்தில் மாப்பிள்ளை அதைக் கட்டியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு எதுவும் தெரியவில்லை. பிறகும் நான் கவனித்துப் பார்த்ததில்லை. இப்போது உள்ளே கிடப்பது என் மகளா என்பது அந்த ஒரு பொட்டா இரண்டு பொட்டா என்பதில் நின்றது.

தம்பி லைனை வெட்டாமலே நர்சைத் தேடிப் போனார். ஆஸ்பத்திரியின் சத்தம் எங்கள் கூடத்துக்குள் வந்தது. ஒரு ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம். எங்கோ குழந்தை அழுதது. யாரோ ஒருவர் "ஓரமா நில்லுங்க" என்றார். அவர் யாரிடமோ கேட்பதும், ஒரு பெண் குரல் அலுப்போடு பதில் சொல்வதும், அவர் திரும்பவும் கெஞ்சுவதும் கேட்டது. பிறகு நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. மின்விசிறி மட்டும் ஓடியது.

"அக்கா, ஒத்தைத் தாலியாம். ரெண்டு பக்கமும் பவளம் கோத்திருக்காம்."

"நல்லாக் கேட்டியா?"

"ரெண்டு வாட்டி கேட்டுட்டேன்க்கா. ஒத்தைத் தாலிதான்."

"நல்லவேளை" என்று நான் கத்திவிட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

சம்பந்தியம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "மெதுவாண்ணே. அங்க அந்தப் பொண்ணோட சனம் யாராச்சும் நின்னா காதுல விழும்" என்றார்.

மனைவி அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

ஆனால் அது எங்கள் பெண் இல்லை என்று தெரிந்ததே தவிர, எங்கள் பெண் எங்கே என்று தெரியவில்லை. பாறை ஒரு காரின் மேல் மட்டும்தான் விழுந்ததா? பின்னால் வந்த கார்கள் என்ன ஆயின? செய்தியில் அதே வரிதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் இரண்டு எண்களையும் திரும்பத் திரும்ப அடித்தேன். சம்பந்தியம்மா மஞ்சள் கயிற்றை எடுத்து, பாதியில் விட்ட இடத்திலிருந்து மறுபடி உருவ ஆரம்பித்தார். அவர் நிறுத்தவில்லை.

வெளியே தெருவிளக்கு எரியத் தொடங்கியபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன்.

"அப்பா, அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

ரகசியம் பேசும் அதே தாழ்ந்த குரல். "இருக்காங்க" என்றேன். "உன் மாமியாரும் இருக்காங்க."

நான் ஸ்பீக்கரில் போட்டேன். அவள் தணிந்த குரலிலேயே சொன்னாள். சரிவுக்கு மேல்பக்கம் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன, அங்கே சிக்னல் இல்லை, அவள் போனில் சார்ஜும் இல்லை, கொஞ்ச நேரத்தில் அவர் போனும் அணைந்துவிட்டது. மழைக்குள் வண்டியைத் திருப்ப இடம் கிடைக்காமல் மணிக்கணக்கில் காத்திருந்து, இப்போதுதான் மேலே ஏறித் திரும்பி வந்திருக்கிறார்கள். டீக்கடைக்காரர் போனில் பேசுகிறாள். "எங்களுக்கு முன்னாடி போன கார்ப்பா" என்றாள். "வழியில டீ குடிக்க நிறுத்தினோம். அந்தக் கார்ல வந்த அக்காகிட்டப் பேசிக்கிட்டிருந்தேன். எங்களுக்கு முன்னாடி அவங்க கெளம்பிட்டாங்க."

சம்பந்தியம்மா போனை வாங்கிக்கொண்டார். சாப்பிட்டார்களா என்று கேட்டார். உடம்பில் எங்கேயாவது அடியா என்று கேட்டார். மகன் ஏதோ சொல்ல ஆரம்பித்ததும், "அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். வத்தலக்குண்டு வழியா எறங்குங்க. டிரைவரை மெதுவா வரச் சொல்லு. ஒங்கப்பா மணப்பாறை ரோட்டுல நிப்பாரு. ரெண்டு பேரும் நம்ம வீட்டுல படுத்து எந்திரிச்சுட்டுக் காலையில இங்க வாங்க" என்றார்.

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "ரெண்டு பேருமா அண்ணி? ஆடியில?"

"அதான் ரெண்டு ராத்திரி போயிடுச்சே. இன்னும் ஒண்ணுல என்ன ஆயிடப்போவுது" என்றார் சம்பந்தியம்மா. பிறகு அவருக்கே சிரிப்பு வந்து, சிரிப்பு நடுவில் உடைந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். என் மனைவி நகர்ந்து போய் அவர் முதுகில் கை வைத்தாள். இரண்டு பெண்களும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நான் போய் அடுப்பை அணைத்தேன். புளிக்காய்ச்சல் கருகிப்போயிருந்தது.

அன்று படுக்கப் போகும்போது மனைவி ஒன்றுதான் கேட்டாள். "என்கிட்டச் சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?" சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் அவளிடம் சொல்லியிருந்தால், சண்டை போட்டாவது அவள் ஒத்துக்கொண்டிருந்தால், பிள்ளைகள் நேர்வழியில் போய் நேர்வழியில் வந்திருப்பார்கள்.

காலையில் அம்மா மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. மாப்பிள்ளையும் மகளும் மணப்பாறையிலிருந்து விடியும்போதே வந்துவிட்டார்கள். இருவர் கண்களும் சிவந்திருந்தன. படித்துறையில் பெண்கள் என் மகளைச் சுற்றி நின்று பழைய கயிற்றைக் கழற்றிப் புதியதைக் கட்டினார்கள். ஆண்கள் கொஞ்சம் தள்ளி நின்றோம். அவள் தலையைக் குனிந்து கழுத்தைக் காட்டியபோது என்னால் பார்க்க முடியவில்லை. கூட்டத்திலிருந்து விலகி, ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, பழனியில் இருக்கும் சம்பந்தியம்மாவின் தம்பிக்குப் போன் செய்தேன்.

அவர் உடனே எடுத்தார். தூங்கவில்லை போலிருந்தது. அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன்.

"விடியக்காலையில கண்ணு முழிச்சுடுச்சாம். அவங்க அப்பா வந்துட்டாரு. வெளியில பெஞ்சுலதான் உக்காந்திருக்காரு. டீ வாங்கிக் குடுத்தேன், கையில வச்சுக்கிட்டே இருக்காரு" என்றார்.

நான் அந்தப் பையனைப் பற்றிக் கேட்க நினைத்தேன். மதுரைக்குக் கொண்டுபோனார்களே, என்ன ஆயிற்று என்று. வாய் வரை வந்தது. படித்துறையிலிருந்து மகள் என்னைக் கூப்பிட்டாள், காலில் விழுந்து கும்பிடுவதற்கு. "சரிங்க, வச்சுடறேன்" என்றேன்.

இன்று வரைக்கும் கேட்கவில்லை.